கருவிக்கும் ஒரு வெள்ளோட்டம்: பயன்பாட்டுச் சோதனை என்றால் என்ன?

சித்தப்பா கையில் ஒரு ஜி.பி.எஸ். கருவியோடு வந்து நின்றார். உள்ளங்கையில் அடங்கும் கருவி, வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. "தம்பி, இதக் கொஞ்சம் பாரு. நேத்து சாயந்தரம் நண்டு வலை போட்ட எடத்தக் குறிச்சு வச்சேன். காலைல பாத்தா ஒண்ணுமே இல்ல" என்றார். வலையைத் தேடியே அன்று பாதி நாளையும் கேன் டீசலையும் தொலைத்திருந்தார்.

என்ன செய்தீர்கள், எனக்கு முன்னால் ஒரு தடவை செய்யுங்கள் என்றேன். இடத்தைக் குறிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தார். திரையில் ஒரு எண்ணும், அந்த இடத்தின் அளவுகளும் வந்தன. கீழே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு கட்டம். அவர் கண் அதுவரை போகவில்லை. எண் வந்துவிட்டது, அப்படியென்றால் பதிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு வெளியேறும் பொத்தானை அழுத்தினார். உண்மையில் அந்தக் கட்டத்துக்குப் போய் இன்னொரு முறை அழுத்தினால்தான் இடம் பதியும். நேராக வெளியேறினால், ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துவிடும்.

"எனக்குத்தான் இதெல்லாம் வெளங்க மாட்டேங்குது" என்றார் சித்தப்பா. ராமேஸ்வரம் டிவி டவரையும் பாம்பன் பாலத்தையும் கண்ணாலேயே நேர்வைத்துப் பார்த்து நாற்பது வருஷமாகக் கரை சேர்கிற மனிதர் அவர். கருவியை விற்ற கடைக்காரரோ வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்: "கம்பெனில ஆயிரம் டெஸ்ட் பண்ணித்தாண்ணே அனுப்புறாங்க. நீங்கதான் பழகணும்."

இரண்டு பேர் சொன்னதுமே தப்பு. ஒரு பொருள் விற்பனைக்கு வருமுன் நடக்க வேண்டிய ஒரு சோதனை, அந்தக் கருவிக்கு நடக்கவில்லை. நடந்திருந்தால், தப்பான இடத்தில் நடந்திருக்கிறது. அதற்குப் பயன்பாட்டுச் சோதனை என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் யூசபிலிட்டி டெஸ்ட் என்பார்கள். ஊருக்குத் திரும்புவதற்கு முன் கொஞ்ச காலம் இந்த மாதிரிச் சோதனைகளில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுக்கும் வேலை பார்த்தவன் என்பதால், எனக்குத் தெரிந்தவரை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

## 'டெஸ்ட்' என்ற ஒரே சொல்லுக்குள்

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. எலெக்ட்ரானிக் பொருள்கள் பல சோதனைகளைக் கடந்துதான் கடைக்கு வருகின்றன. அத்தனைக்கும் நாம் 'டெஸ்ட்' என்று ஒரே பெயர் வைத்திருப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதலாவது, வேலை செய்கிறதா என்ற சோதனை. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறதா, பேட்டரி சொன்ன நேரம் நிற்கிறதா என்று பார்ப்பது. இதற்குப் பெரும்பாலும் ஆளே வேண்டாம். ஓர் இயந்திர விரல் ராப்பகலாகப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும். சித்தப்பாவின் கருவி இதில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கும். வெளியேறும் பொத்தானை அழுத்தினால் வெளியேற வேண்டும், வெளியேறியது. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது.

அடுத்தது தாங்குமா என்ற சோதனை. நம் கரையில் எல்லோர் வாயிலும் வரும் 'ஐபி 67' இந்த வகை. இதில் 6 என்பது தூசி உள்ளே போகாது என்பதற்கு. 7 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் முப்பது நிமிடம் கிடந்தாலும் தாங்கும் என்பதற்கு. அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீரில் விழுந்த போனை எடுத்துவந்து, "வாட்டர் புரூஃப்னு சொன்னாங்களே" என்று கேட்பவர்களை மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் எந்த சர்வீஸ் கடையிலும் பார்க்கலாம். உப்பு உலோகத்தை அரிக்கும் கதை அந்த எண்ணுக்குள் இல்லை.

பிறகு பாதுகாப்புச் சான்று. சார்ஜரிலும் போனிலும் பொடியாக அச்சடித்திருக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இதற்கானது. ஷாக், தீ போன்ற ஆபத்துகளுக்கு எதிரான விதிகளுக்குப் பொருள் உட்படுகிறது என்கிறது, அவ்வளவுதான்.

சந்தை ஆய்வு இன்னொன்று. இந்த விலைக்கு வாங்குவீர்களா, எந்த நிறம் பிடிக்கும் என்று ஆட்களைக் கேட்பது.

இவை எதுவும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் பொருளை இதற்குமுன் பார்த்திராத ஒருவர், தான் செய்ய வந்த வேலையை, தான் இருக்கிற இடத்தில், பக்கத்தில் யாரும் சொல்லித்தராமல், தானே செய்து முடிக்க முடிகிறதா? இதைக் கேட்பதுதான் பயன்பாட்டுச் சோதனை. கேட்பது என்றுகூடச் சொல்லக் கூடாது, பார்ப்பது. ஒருவர் கையில் பொருளைக் கொடுத்து, ஒரு வேலையைச் சொல்லி, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று உட்கார்ந்து பார்ப்பது.

## ஓடாவி கரையில் நிற்கும் நேரம்

புதிதாக ஒன்றைச் சொல்லிவிடவில்லை. கட்டி முடித்த வள்ளத்தை முதன்முதலாகத் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம். தேருக்கும் வெள்ளோட்டம் உண்டு. படகு கட்டிய ஓடாவிக்கு ஒவ்வொரு பலகையும் தெரியும், ஒவ்வொரு ஆணியும் தெரியும். இருந்தாலும் கட்டுமிடத்திலேயே நின்று "நல்லாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. ஆள் ஏறி, வலை ஏற்றி, படகு எந்தப் பக்கம் சாய்கிறது, முன்பக்கம் அலையை வெட்டுகிறதா, அலையில் இடிக்கிறதா என்று கரையில் நின்று பார்ப்பார். அவர் பார்ப்பது படகை. ஓட்டுகிற ஆளுக்கு நீச்சல் தெரியுமா என்று அல்ல.

இந்தக் கடைசி விஷயம்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. சோதனையில் உட்காருபவர் பரீட்சை எழுத வந்தவர் இல்லை. பரீட்சை பொருளுக்கு. ஆள் தடுமாறினால் மதிப்பெண் குறைவது பொருளுக்குத்தான்.

சரி, செய்தவர்களே தங்கள் பொருளை ஓட்டிப் பார்த்துக்கொள்ளக் கூடாதா? முடியாது. அதற்கான காரணத்தை நம் ஊரில் யாருக்காவது வழி சொல்லிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். "சர்ச்சுக்குப் பின்னாடி வந்தா நம்ம வீடுதான்" என்று போனில் சொல்லிவிடுகிறோம். வருகிறவர் சந்து சந்தாகச் சுற்றுகிறார். நாம் சொன்னதில் பொய் இல்லை. நடுவில் மூன்று திருப்பம் இருப்பது நமக்கு மறந்தே போய்விட்டது, தினம் கால் தானாகத் திரும்புகிறது. தெரிந்த ஒன்றைத் தெரியாதவர்போல் பார்க்க மனிதனால் முடியாது. எவ்வளவு நல்ல மனசோடு முயன்றாலும் முடியாது.

அறிவு குறைந்தவர்தான் தடுமாறுவார் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் லூசி சக்மேன் என்ற மானுடவியலாளர் ஒரு வீடியோ எடுத்தார். அந்த நிறுவனத்தின் பெரிய நகல் இயந்திரத்தின் முன் இருவர் நின்றுகொண்டு நகலெடுக்கப் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் நகல் வர வேண்டும். முடியவில்லை. இயந்திரம் என்ன சொல்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று இயந்திரத்துக்குப் புரியவில்லை. அந்த இருவரில் ஒருவர் ஆலன் நியூவெல். செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர், 1975இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது வாங்கியவர். அவருக்கே அந்தக் கதி. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நாம பரவால்லப்பா" என்றார்.

இதுவரை சொன்னதைக் கட்டிவைப்போம். வேலை செய்கிறதா, தாங்குகிறதா, ஷாக் அடிக்குமா, விற்குமா என்பவை வேறு சோதனைகள். புதியவர் ஒருவர் தானாகப் பயன்படுத்த முடிகிறதா என்பது தனிச் சோதனை. பொருளைச் செய்தவர்களால் அந்தச் சோதனையைத் தங்களை வைத்தே நடத்திக்கொள்ள முடியாது.

## சோதனை அறைக்குள்

இப்போது உள்ளே போவோம். சித்தப்பாவின் கருவி இன்னும் கடைக்கு வரவில்லை, நாம்தான் அதைச் சோதிக்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

அறையில் முக்கியமானவர் பயனர். அதாவது, நாளை இந்தப் பொருளைக் காசு கொடுத்து வாங்கப் போகிறவரைப் போன்ற ஒருவர். அலுவலகத்தில் சும்மா இருக்கும் அக்கவுண்டன்ட்டைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அது சோதனை ஆகாது. பயனருக்குப் பக்கத்தில் ஒருவர் இருப்பார், அவரை நடத்துபவர் என்று சொல்லலாம். (நடத்துநர் என்றால் பஸ் ஞாபகம் வந்துவிடும்.) கொஞ்சம் தள்ளி, அல்லது வீடியோ வழியாக, குறிப்பெடுப்பவர்.

பயனருக்குக் கொடுப்பது ஒரு பணி, செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை. அதைச் சொல்கிற விதத்தில் பாதி சூட்சுமம் இருக்கிறது. "இந்த இடத்தை வேபாயின்ட்டாகச் சேமியுங்கள்" என்று சொன்னால் சோதனை கெட்டது. கருவியில் எழுதியிருக்கும் சொல்லையே வாயால் சொல்லிவிட்டோம். அவர் அந்தச் சொல்லைத் தேடி அழுத்திவிடுவார். "இங்க வலை போட்டிருக்கீங்க. நாளைக்குக் காலைல இருட்டோட வந்து எடுக்கணும். இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்க வேண்டும். அவருடைய வேலை, அவருடைய மொழியில்.

அப்புறம், செய்துகொண்டிருக்கும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். இதற்கு உரக்கச் சிந்தித்தல் என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் இந்த முறையைக் கணினிப் பொருள்களைச் சோதிக்கக் கொண்டுவந்தார். முதலில் யாருக்கும் கூச்சமாக இருக்கும். ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். நம் ஊரில் கிழவிகள் பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வது இதே கலைதான்.

நாம் நடத்தினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

"அமுக்கிப் புடிக்கிறேன்... ஆ, நம்பர் வந்திருச்சு. 014. பதிஞ்சிருச்சுபோல."

நடத்துபவர் பேசக் கூடாது.

"அப்ப வெளிய வந்துறலாம். இத அமுக்கவா தம்பி?"

"நான் பக்கத்துல இல்லைன்னா என்ன செஞ்சிருப்பீங்கண்ணே?"

"அமுக்கியிருப்பேன்." அழுத்துகிறார். "சரி, முடிஞ்சுது."

முடியவில்லை. ஆனால் முடிந்தது என்று அவர் சொன்ன அந்த நொடிதான் இந்தச் சோதனையின் முழுச் சம்பளம். குறிப்பெடுப்பவர் எழுதுவார்: பயனர் பணி முடிந்ததாக நம்புகிறார், பணி முடியவில்லை, கருவி எதுவும் சொல்லவில்லை. பிழைகளிலேயே மோசமான வகை இது. தடுமாறி நின்றவராவது யாரையாவது கேட்பார். முடிந்துவிட்டது என்று நம்பியவர் மறுநாள் நடுக்கடலில்தான் தெரிந்துகொள்வார்.

அங்கே வாயை மூடிக்கொண்டிருப்பது இருக்கிறதே, அதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான பகுதி. ஒருவர் கண் முன்னால் திணறும்போது கை நீட்டி உதவுவதுதான் நம் வளர்ப்பு. முதல் தடவை குறிப்பெடுக்கப் போனபோது நான் "கீழ பாருங்கம்மா" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த அமர்வு அதோடு வீண். கடையில் வாங்கியவர் வீட்டுக்கு நான் கூடவே போக முடியுமா?

இன்னொரு பண்பாட்டுச் சிக்கலும் உண்டு. விருந்தாளியாகக் கூப்பிட்டு, டீ கொடுத்து, பொருளைக் கையில் கொடுத்துவிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டால் யார் "நல்லா இல்ல" என்று சொல்வார்கள்? குழம்பு உப்புக் கரித்தாலும் "அருமை" என்று சொல்லிவிட்டுத்தானே எழுந்திருக்கிறோம். இரண்டாம் முறை சோற்றுக்குக் குழம்பு கேட்டார்களா என்று பார்த்தால் உண்மை தெரியும். பயன்பாட்டுச் சோதனையில் வாய் சொல்வதைவிடக் கை செய்வதற்கு மதிப்பு அதிகம் என்பது இதனால்தான்.

எதை அளக்கிறார்கள்? ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற உலகத் தரவரையறை மூன்று விஷயங்களைச் சொல்கிறது: பணி முடிந்ததா, முடிக்க எவ்வளவு நேரமும் முயற்சியும் ஆனது, பயன்படுத்தியவர் மனம் நிறைந்ததா. அதே வரையறை இன்னொன்றையும் சேர்த்தே சொல்கிறது: இவை எல்லாம் குறிப்பிட்ட ஆளுக்கு, குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட சூழலில்தான் பொருந்தும். 'யாருக்கும் எங்கேயும் எளிது' என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் அது விளம்பரம். அந்தச் சூழல் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

## ஐந்து பேரை வைத்து என்ன தெரியும்?

"லட்சம் பேர் வாங்கப் போகிற பொருளை ஐந்து பேரை வைத்துச் சோதிப்பதா?" நான் வேலையைச் சொன்னதும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது.

இந்தத் துறை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் ஒரு கணக்குப் போட்டார்கள். பல சோதனைகளை எடுத்துப் பார்த்ததில், ஒரு பயனர் சராசரியாக மொத்தச் சிக்கல்களில் 31 சதவீதத்தை வெளியே கொண்டுவருகிறார். இரண்டாமவர் அதே சிக்கல்களில் பலவற்றில் மறுபடி இடறுவார், சில புதியவற்றையும் காட்டுவார். மூன்றாமவர் காட்டும் புதியவை இன்னும் குறைவு. இப்படியே போனால் ஐந்தாவது ஆளில் ஏறக்குறைய 85 சதவீதம் வந்துவிடுகிறது. கோயில் வாசலில் தரையில் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள எத்தனை பேர் தடுக்கி விழ வேண்டும்? ஒருவர் விழுந்தாலே சந்தேகம் வரும், மூன்றாமவர் விழுந்தால் கல்லைப் பெயர்த்துவிடலாம்.

இது தேர்தல் கருத்துக்கணிப்பு மாதிரி இல்லை. எத்தனை சதவீதம் பேர் தடுக்குவார்கள் என்று சொல்ல வேண்டுமானால் நிறையப் பேர் வேண்டும். கல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சிலர் போதும். இந்த இரண்டையும் கலந்துவிடுவதால்தான் "ஐந்து பேரா!" என்ற சிரிப்பு.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அந்த 31 ஒரு சராசரி, கருவி சிக்கலாக ஆக அந்தச் சதவீதம் குறையும். அந்த ஐந்து பேரும் ஒரே வகை ஆட்களாக இருக்க வேண்டும். நாட்டுப்படகில் போகிறவர், விசைப்படகு டிரைவர், தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள், கரையில் ஏலம் எடுக்கும் வியாபாரி என்று நான்கு வகை ஆட்கள் ஒரே கருவியை வாங்குவார்கள் என்றால், ஒவ்வொரு வகைக்கும் தனியாகச் சிலர் வேண்டும். பதினைந்து பேருக்குக் காசு இருந்தால் ஒரே மூச்சில் பதினைந்து பேரை உட்கார வைப்பதும் வீண். ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து. கல்லைப் பெயர்த்த இடத்தில் குழி விழுந்திருக்கலாம், அதையும் பார்க்க வேண்டுமே.

## கட்டையிலேயே தொடங்கலாம்

பொருள் தயாரான பிறகு, கடைசி வாரத்தில் செய்வது இந்தச் சோதனை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. கைபேசிச் செயலியாக இருந்தால் தாமதமானாலும் சமாளிக்கலாம், அடுத்த அப்டேட்டில் திருத்தி அனுப்பிவிடலாம். கையில் பிடிக்கும் கருவியின் பிளாஸ்டிக் உடலுக்கு இரும்பு அச்சு வெட்டியாக வேண்டும், அது பெரிய செலவு. அச்சு வெட்டியபின் "பொத்தான் இரண்டு விரல்கடை கீழே இருந்திருக்கலாம்" என்று தெரிந்து என்ன பயன்?

அதனால் பொருள் பிறக்கும் முன்பே சோதிப்பார்கள். இதற்குச் செய்வது முன்மாதிரி; பொருளைப் போல நடிக்கும் ஒன்று. அட்டை, தெர்மாகோல், மரம் எதுவும் ஆகலாம். ஜெஃப் ஹாக்கின்ஸ் 1990களில் பாம் பைலட் என்ற கைக்கணினியைச் செய்வதற்கு முன், அதே அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தார். கூட்டத்தில் யாராவது தேதி கேட்டால் கட்டையை எடுத்து, குச்சியால் அதன்மேல் தட்டுவது போல் நடிப்பார். பைக்குள் அடங்குகிறதா, எத்தனை தட்டில் வேலை முடிய வேண்டும் என்று கட்டையே சொல்லிவிட்டது. 1996இல் வந்த உண்மைப் பொருள் நன்றாக விற்றது.

திரை வேண்டுமென்றால் காகிதத்தில் வரைந்து, பயனர் 'அழுத்த அழுத்த' ஓர் ஆள் தாளை மாற்றி வைக்கலாம். பொம்மலாட்டம்தான். நூல் யார் கையில் இருக்கிறது என்பது பயனருக்கு ஒரு பொருட்டே இல்லை.

எண்களை அழுத்தும் போன் வந்த கதையும் இப்படித்தான். 1950களில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கார்லின் தலைமையில் இருந்த குழு, பத்து எண்களைப் பல விதமாக அடுக்கி, ஆட்களை அழுத்தச் சொல்லி, வேகம், பிழை, விருப்பம் எல்லாவற்றையும் குறித்தது. 1963இல் போன் விற்பனைக்கு வந்தபோது 1-2-3 மேல் வரிசையில் இருந்தது. கால்குலேட்டரை எடுத்துப் பாருங்கள், 7-8-9 மேலே இருக்கும். அறுபது வருஷத்துக்கும் முன்னால் சிலர் உட்கார்ந்து அழுத்திப் பார்த்ததன் பலனை இன்றைக்கும் உங்கள் கட்டைவிரல் அனுபவிக்கிறது.

## சூழல்: அறை வேறு, கடல் வேறு

இப்போது பாக்கி வைத்த விஷயம். பெரும்பாலான சோதனைகள் ஏ.சி. அறையில், அசையாத மேசைமேல், டியூப் லைட் வெளிச்சத்தில் நடக்கின்றன. சமையலறை மிக்ஸிக்கு அது ஓரளவு போதும். பாக் நீரிணையில் வேலை செய்யப் போகும் கருவிக்கு அது சோதனையே இல்லை என்பது என் கட்சி.

தொடுதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் படும் இடத்தில் மின்னேற்றம் சற்று மாறுவதை உணர்ந்துதான் அது வேலை செய்கிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆகவே திரைமேல் கிடக்கும் ஒரு துளியையும் விரல் என்று நினைத்து, தொடாத இடத்தில் எதையாவது திறக்கும். வலை இழுத்து இழுத்துக் காய்ப்பேறிய காய்ந்த விரலை, மாறாக, விரல் என்றே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மேசையில் உட்கார்ந்து பேனா பிடித்த விரலால் தொட்டுப் பார்த்தவருக்கு இந்த இரண்டும் கனவிலும் வராது.

வெளிச்சமும் அப்படித்தான். மத்தியானம் கடல் கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அடிக்கும்போது திரை கறுப்பாகத்தான் தெரியும், கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கை சுக்கானில் இருக்கிறது. அப்படியானால் மறைக்கவும் அழுத்தவும் மீதி ஒரு கைதான். ராத்திரி நேர் எதிர். இருட்டுக்குப் பழகிய கண் ஒரு தடவை பளிச்சென்ற திரையைப் பார்த்துவிட்டால் மறுபடி முழுதாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகும், அதற்குள் எதிரே வரும் படகு தெரியாமல் போகலாம். எச்சரிக்கை ஒலி என்று 'பீப்' வைத்திருப்பார்கள். டீசல் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுப் பார்த்தார்களா?

ஒலி என்றதும் எல்லை எச்சரிக்கை ஞாபகம் வருகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த கடல் எல்லைக் கோடு நடுவில் போகிறது. இவ்வளவு குறுகலான கடலில், 'எல்லையை நெருங்குகிறீர்கள்' என்று கருவி வெகு தூரத்திலிருந்தே கத்தத் தொடங்கினால், தொழில் நடக்கும் நேரம் முழுக்கக் கத்திக்கொண்டேதான் இருக்கும். நாலு நாள் பொறுப்பார்கள், ஐந்தாம் நாள் ஒலியை அணைத்துவிடுவார்கள். அதன்பிறகு உண்மையான எச்சரிக்கையும் ஊமை. எவ்வளவு தூரத்தில், எத்தனை முறை ஒலித்தால் மனிதர்கள் அதை மதிப்பார்கள் என்பதை மேசையில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. படகில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

மொழி தனிக் கதை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த கட்டத்தில் தமிழை அடைத்தால் 'அமைப்புக...' என்று பாதியில் வெட்டுப்படும். முழுதாக எழுதினாலும், 'செட்டிங்ஸ்' என்றே சொல்லிப் பழகியவருக்கு 'அமைப்புகள்' என்றால் சங்கமா என்று தோன்றும். இதில் தூய தமிழா, கலப்பா என்று சண்டை போட்டுப் பிரயோசனமில்லை. ஐந்து பேரிடம் காட்டினால் விடை கிடைத்துவிடும். நான் பார்த்ததிலேயே அழகானது ஒரு திரை: 'பதிவை ரத்துசெய்யவா?' என்ற கேள்வி, கீழே இரண்டு பொத்தான்கள், ஒன்றில் 'சரி', மற்றதில் 'ரத்துசெய்'. எதை அழுத்தினால் பதிவு பிழைக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மொழிபெயர்த்தவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. யாரும் அதை ஒரு மனிதர் கையில் கொடுத்துப் பார்க்கவில்லை. அளவுகளும் இப்படித்தான். ஆழத்தைப் பாகத்தில் (இரண்டு கையையும் விரித்த அளவு) பேசுகிறவருக்கு மீட்டரில் காட்டினால், ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் ஒரு வகுத்தல்.

சூழலைப் பார்த்துச் செய்த பொருள் எப்படி இருக்கும் என்பதற்கு 2003இல் வந்த நோக்கியா 1100ஐச் சொல்லலாம். கரண்ட் போனால் அடிக்க ஒரு டார்ச், தூசி புகாத ரப்பர் விசைப்பலகை, வழுக்காத பக்கங்கள். நம் நாடு போன்ற இடங்களை மனதில் வைத்துச் செய்தது. உலகம் முழுக்க 25 கோடி விற்றது. டார்ச் ஒன்றும் பெரிய தொழில்நுட்பம் கிடையாது, இருட்டில் ஆட்கள் போன் திரை வெளிச்சத்தை வைத்துத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது தோன்றும்.

பதில் சொல்லும் கருவி, சொல்லாத கருவி என்ற வேறுபாட்டையும் நம் கடலிலேயே பார்க்கலாம். இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் மீனவர்களிடம் இருக்கிறது. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால், செய்தி செயற்கைக்கோள் வழியாகப் போய், மீட்புப் படைக்குச் சொல்லப்படும். ஆனால் அழுத்தியவருக்குச் செய்தி சேர்ந்ததா என்று தெரியாது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு பதில் எவ்வளவு பெரிய விஷயம்! 2024இல் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்தது என்ற பதில் அவருக்கே திரும்பி வருகிறது. செய்ததற்குக் கருவி காட்டும் இந்த மறுமொழிக்குப் பின்னூட்டம் என்று பெயர். சித்தப்பாவின் கருவியில் காணாமல் போனதும் அதுதான்: 'பதியவில்லை' என்ற ஒரு சொல்.

சோதனை செய்ய வருகிற நிறுவனங்களுக்கு இங்கே ஒரு வசதியான வலை விரித்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் எல்லோரும் கரையில், நேரமும் இருக்கும், கூப்பிட்டால் வருவார்கள். மரத்தடியில் உட்கார்ந்து கருவியை அழுத்திக் காட்டுவார்கள். சோதனை முடிந்தது என்று வண்டி ஏறிவிடலாம். ஆனால் ஆள் சரி, வேலை சரி, இடம் தப்பு. கரையில் சொற்களையும் பொத்தான் வரிசையையும் சோதிக்கலாம், அது உருப்படியான வேலைதான். திரையையும் ஒலியையும் சோதிக்க நாட்டுப்படகில் ஒரு நாள் ஏறியே ஆக வேண்டும், வாந்தி எடுத்தாலும் சரி.

சுருக்கமாக: பயனர், பணி, சூழல் மூன்றும் உண்மையாக இருக்க வேண்டும். முதல் இரண்டை அறைக்குள் கொண்டுவந்துவிடலாம். மூன்றாவதை அறைக்குள் கொண்டுவர முடியாது, நாம்தான் அதனிடம் போக வேண்டும்.

## பிறகு என்ன நடக்கிறது

சோதனை முடிந்ததும் கண்ட சிக்கல்களை எடை போடுவார்கள். வேலையையே நிறுத்திவிடுகிறதா, தாமதப்படுத்துகிறதா, வெறும் எரிச்சலா என்று பிரித்து, முதல் வகையை முதலில் திருத்துவார்கள். திருத்த வேண்டும். சில நேரம் தெரிந்தே விட்டுவிடுவார்கள். தீபாவளிக்குள் கடைக்குப் போயாக வேண்டும், அச்சு வெட்டியாகிவிட்டது, 'மேனுவலில் எழுதிவிடலாம்' என்று முடிவாகும். மேனுவலில் எழுதிவிடலாம் என்ற வாக்கியத்தை நான் கேட்ட ஒவ்வொரு தடவையும், அந்த மேனுவலைப் படித்த ஒரே ஒரு மீனவரைக்கூட யாராலும் காட்ட முடிந்ததில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்க ஆசையாக இருந்தால், அம்மா கையில் புது டிவி ரிமோட்டைக் கொடுத்து, "நேத்து விட்ட சீரியல இப்ப பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். உங்களை அல்ல, ரிமோட்டைத்தான் பார்க்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் திட்டு விழும். வேண்டாம் என்று அவர் ரிமோட்டைக் கீழே வைத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்பவர்களுக்கும் அதே விதிதான். வீடியோ எடுப்பதற்கு முன் அனுமதி கேட்பதும், வந்தவரின் அரை நாள் கூலியைக் கொடுப்பதும் அதோடு சேர்ந்தது.

சித்தப்பா அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சித்தியிடம் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி, இரண்டாவது தடவை அழுத்த வேண்டிய பொத்தான்மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டார். வெளியேறும் பொத்தான்மேல் சைக்கிள் பஞ்சர் ரப்பரில் ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருக்கிறார், இருட்டில் தடவினாலே தெரியும். போன வாரம் பக்கத்துப் படகுக்காரர் அதே கருவியை வாங்கிக்கொண்டு வந்தார். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே சித்தப்பா வீட்டுக்குள் குரல் கொடுத்தார், அந்த பாலிஷ் பாட்டில் எங்கே என்று.